பத்துக்கு மூன்று

ஜூன் 3, செவ்வாய்

காலை இறுக்கம்: 10 நிமிடம். வலி: பத்துக்கு 3.

இந்த நோட்டைப் போடச் சொன்னது டாக்டர் ஜெயராணி. தினமும் மூன்று விஷயம் எழுத வேண்டுமாம். காலையில் எழுந்ததும் முட்டி எவ்வளவு நேரம் இறுகிக் கிடந்தது, வலிக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், அன்று என்ன வேலை செய்தேன். மூன்று மாதம் கழித்து நோட்டைப் பார்த்துவிட்டு மாத்திரையா, ஊசியா, ஆபரேஷனா என்று முடிவு செய்வாராம். பொய் எழுதினால் வைத்தியமும் பொய்யாகிவிடும் என்று எச்சரித்தார். முப்பத்திரண்டு வருஷமாக பி.டி. டீச்சராக இருப்பவளிடம் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுகிறார்.

எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ‘தேய்மானம்’ என்றார். அரசாங்க ஜீப்பை ஏலம் விடும்போது சொல்கிற வார்த்தை. தரையில் உட்காரக் கூடாது, சம்மணம் கூடாது, குத்தவைக்கக் கூடாது, மாடிப்படி கூடாது. துண்டைச் சுருட்டி முட்டிக்கு அடியில் வைத்து அழுத்திப் பத்து வரை எண்ண வேண்டும். கைத்தடி ஒன்று வாங்கிக்கொண்டால் நல்லது என்றார். வெயிலுக்குக் குடையே பிடிக்காதவள் நான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 5, வியாழன்

இறுக்கம்: 10. வலி: 3.

பள்ளிக்கூட வேப்பமரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, விசிலாலேயே டிரில் நடத்தினேன். ஒரு ஊதலுக்குக் கை, இரண்டு ஊதலுக்கு இடுப்பு, மூன்று ஊதலுக்குக் குதி. இது நல்ல புது முறை என்று தலைமையாசிரியை பாராட்டினார். விசிலுக்கு முட்டி கிடையாது என்பதைத் தவிர இதில் புதுமை ஒன்றும் இல்லை.

காலை இறுக்கம் பத்து நிமிடம் என்பது சரிதான். எழுந்ததும் கட்டிலில் உட்கார்ந்தபடியே பேப்பர் படித்தேன். தலையங்கம், ராசிபலன், வாடகைக்கு வீடு விளம்பரம், நீத்தார் நினைவு எல்லாம் படித்து முடித்த பிறகு கட்டிலை விட்டு இறங்கினேன். படிக்கிற நேரத்தை இறுக்கத்தோடு சேர்க்கக் கூடாது.

ஜூன் 8, ஞாயிறு

இறுக்கம்: 10. வலி: 3.

மகள் சுபாவைப் பெண் பார்க்க அம்பாசமுத்திரத்திலிருந்து வந்தார்கள். மாப்பிள்ளை பெயர் நெல்லையப்பன். சென்னையில் ஆபீஸில் நெல்சன் என்று கூப்பிடுகிறார்களாம். சுபாவுக்கும் அதே ஆபீஸ். இரண்டு வருஷமாக அவர்கள் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இன்று நடந்தது பெரியவர்கள் பார்ப்பதற்காக நடத்திய நாடகம்.

மாப்பிள்ளையின் அம்மா ஆவுடையம்மாள். அப்பளக் கம்பெனி வைத்திருக்கிறார். புருஷன் போன பிறகு முப்பது வருஷம் தரையில் உட்கார்ந்து தன் கையாலேயே அப்பளம் தேய்த்து மகனைப் படிக்க வைத்தவர் என்று வடிவு மதினி சொல்லியிருந்தாள். வடிவு மதினி என் வீட்டுக்காரரின் அக்கா. இந்தச் சம்பந்தத்துக்கு நடுவில் நிற்பவள் அவள்தான்.

சம்பந்தி வீட்டார் வந்தால் வாசல்வரை போய் வாங்க என்று கும்பிட வேண்டும். இன்று முடியவில்லை. காரணம், எங்கள் சோபா. பள்ளமான சோபா. அவர்கள் வரத் தாமதமானதால் ஒரு நிமிஷம் என்று உட்கார்ந்தேன். கார் வந்து நின்றபோது முட்டி பூட்டிக்கொண்டது. உட்கார்ந்தபடியே கைகூப்பி வாங்க, வாங்க என்றேன். சிரித்த முகமாகத்தான் சொன்னேன். பார்த்தால் சிரிப்பு மாதிரி இல்லை என்கிறார் இவர்.

அந்த அம்மாளும் லேசுப்பட்டவர் இல்லை. வாசலில் நாலே நாலு படி. கீழே நின்றுகொண்டு, விலை பேச வந்தவர் மாதிரி வீட்டை மேலும் கீழும் பார்த்தார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து, மணமேடைக்கு வருகிற பெண் மாதிரி அன்னநடை போட்டு ஏறினார். சோபாவில் உட்காருங்கள் என்றால் உட்காரவில்லை. கால் மணி நேரம் பீரோவில் கையை ஊன்றி நின்றார். கடைசியில் சாப்பாட்டு மேசையிலிருந்து உயரமான நாற்காலியைக் கொண்டுவரச் சொல்லி அதில் உட்கார்ந்தார். எங்கள் சோபா பட்டால் பட்டுச் சேலை தீட்டாகிவிடும் போலிருக்கிறது.

மாடியில் பூஜை அறை இருக்கிறது, போய்க் கும்பிட்டு வாருங்கள் என்றேன். சாமியை எங்கிருந்து கும்பிட்டாலும் சாமிதான் என்றார். என்ன திமிர்.

ஜூன் 10, செவ்வாய்

இறுக்கம்: 10. வலி: 3.

மதினி போன் செய்தாள். “ஏ உலகு, உலகம்மா டீச்சர் எடத்த விட்டு அசையவே இல்லியே, எங்கள என்னன்னு நெனச்சாங்கன்னு அந்தம்மா கேக்காங்க. நான் என்னத்தச் சொல்லட்டும்?” என்றாள். வந்தவர் என் சோபாவில் உட்காராததற்கு என்ன காரணம் என்று நானும் கேட்டதாகச் சொல்லச் சொன்னேன். மதினி சொல்லிவிடுவாள். தபால் ஆபீஸில் தொலைகிற சேதி கூட அவளிடம் தொலையாது. கொஞ்சம் எடை கூடித்தான் போய்ச் சேரும்.

முட்டி வலி என்று சொல்லிவிட்டால் முடிந்தது என்று இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து சொன்னார். இவர் நூலகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எதையும் மெதுவான குரலில் சொன்னால் தீர்ந்துவிடும் என்று நம்புகிறவர். தாயைத் தண்ணீர்த் துறையில் பார்த்தால் மகளை வீட்டில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பார்கள். என் முட்டியைப் பார்த்தால் முப்பது வருஷம் கழித்து வரப்போகிற சுபாவின் முட்டியைப் பார்த்த மாதிரி. வம்சத்திலேயே இருக்கிற சீக்கு என்பார்கள். சுபாவுக்காகத்தான் மறைக்கிறேன். வேறு காரணம் எதுவும் இல்லை.

கூடத்தில் 1985ஆம் வருஷத்துப் படம் மாட்டியிருக்கிறது. மாவட்ட கோ-கோ அணி, கையில் கோப்பையோடு நடுவில் நான். கோ-கோவில் வரிசையாகக் குத்தவைத்து உட்கார்ந்திருப்போம். தானாக எழக் கூடாது. ஓடி வருகிறவள் முதுகைத் தொட்டு ‘கோ’ சொன்ன பிறகுதான் எழ வேண்டும். தொட்டவள் கையை எடுப்பதற்குள் நான் நாலு கஜம் போயிருப்பேன். அந்தப் படத்தை அந்த அம்மாள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உங்களையா படம் பிடித்திருக்கிறார்கள் என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

இறுக்கம்: 10. வலி: 3.

மாப்பிள்ளை வீடு பார்க்க அம்பாசமுத்திரம் போனோம். கூடத்தின் நடுவில் கையும் சாய்மானமும் வைத்த தேக்கு நாற்காலி, அதன்மேல் இரண்டு மெத்தை. அதில் ஆவுடையம்மாள் கொலுவிருந்தார். நாங்கள் உள்ளே வந்தபோது எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே கைகூப்பி வாங்க, வாங்க என்றார். பழிக்குப் பழி. நான் செய்ததையே அச்சு அசலாகச் செய்து காட்டினார், அந்தச் சிரிப்பு உட்பட.

வீடு முழுக்க ஒரே பிரண்டை வாசம், கூடவே ஏதோ தைலம். அப்பள மாவில் சேர்ப்பார்கள் போலிருக்கிறது. அந்த அம்மாள் சேலையிலும் அதே வாசம்தான். வேலையைச் சேலையில் சுமக்கிற வீடு.

குளியலறைக்குப் போனேன். உயரமான வெஸ்டர்ன் டாய்லெட், புத்தம் புதியது. பக்கத்துச் சுவரில் பளபளவென்று எவர்சில்வர் கைப்பிடி வேறு. நட்சத்திர ஓட்டல் என்று நினைப்பு. அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் எழுந்தேன். சரியான உயரத்தில், சரியான இடத்தில் வைத்திருக்கிறார்கள். பகட்டு என்றால் இப்படித்தான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டுக்குத் தரையில் பாய் விரித்து இலை போட்டார்கள். ‘எங்க வீட்ல தரையிலதான் பந்தி, அதுதான பழக்கம்’ என்றார் அந்த அம்மாள் நாற்காலியில் இருந்தபடியே. நீங்களும் வாருங்கள் என்றதற்கு, இன்று தனக்கு வெள்ளிக்கிழமை விரதம் என்றார். எனக்கும் விரதம் என்றேன். எந்தச் சாமிக்கு என்று கேட்டார். நீங்கள் எந்தச் சாமிக்கோ அதே சாமிக்குத்தான் என்றேன்.

ஆகவே எல்லோரும் தேங்காய்ப்பால் சொதிச் சாப்பாடு சாப்பிட, நாங்கள் இருவரும் எதிரெதிர் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். இவர் மூன்று முறை சொதி வாங்கினார். இஞ்சிப் பச்சடியும் இருந்தது. அந்த அம்மாள் இலைகளைப் பார்த்த பார்வையில் விரதக்காரியின் சாந்தம் இல்லை. என் வயிறு சத்தம் போட்டது. அவர் வயிறும் பதில் சொன்னது.

ஜூன் 21, சனி

இறுக்கம்: 10. வலி: 3.

இன்று வேலை எதுவும் செய்யவில்லை.

ஜூலை 6, ஞாயிறு

இறுக்கம்: 10. வலி: 3.

மதினி நேரிலேயே வந்துவிட்டாள். ஆவணி எட்டாம் தேதி நிச்சயம் செய்யலாம் என்று சொன்னவர்கள் இப்போது யோசிக்கிறார்களாம். பெண் நல்ல பெண்தான், அம்மாவுக்குத்தான் மரியாதை தெரியவில்லை என்று மாப்பிள்ளையின் தாய்மாமா சொல்கிறாராம். “நிச்சயத்தன்னைக்கும் டீச்சர் இப்படி மொறச்சுக்கிட்டு உக்காந்திருந்தா, தட்ட மாத்தாமலே எந்திரிச்சுப் போயிருவோம்னு சொல்லுதாங்க உலகு” என்றாள்.

அந்த அம்மாள் எழுந்து போவதை நானும் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்றேன். கோபத்தில் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் வழக்கப்படி நிச்சயத்துக்கு நாற்காலி கிடையாது, ஜமுக்காளம் விரித்து இரண்டு அம்மாமாரும் தரையில் உட்கார்ந்து தட்டு மாற்ற வேண்டும் என்றேன். அந்த அம்மாள் ஒரு நாளாவது சிம்மாசனத்தை விட்டு இறங்கட்டும் என்ற எண்ணம்தான். என் முட்டி என்று ஒன்று இருப்பது மதினி தெரு முனை தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது. தவளை தன் வாயால் கெடும்.

ஜூலை 8, செவ்வாய்

இறுக்கம்: 10. வலி: 3.

பதில் வந்துவிட்டது. ஜமுக்காளம் இல்லாமல் நிச்சயமா, நாங்கள் சொல்ல நினைத்ததை டீச்சரே சொல்லிவிட்டார் என்றாராம் அந்த அம்மாள். சம்மதமாம். மறுப்பார் என்று நம்பியிருந்தேன்.

ஜூலை 12, சனி

இறுக்கம்: 10. வலி: 3.

நாற்பத்து மூன்று நாளில் போட்டி. பயிற்சி ஆரம்பித்தேன். படுக்கையறையில் ஜமுக்காளம் விரித்து, இவர் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்தேன். இறங்க ஐம்பத்திரண்டு விநாடி. எழுந்த நேரம் பதிவாகவில்லை. பொத்தானை அழுத்த மறந்துவிட்டீர்களா என்று இவரிடம் கேட்டேன். அழுத்த வேண்டிய கட்டமே வரவில்லை என்றார்.

ஜூலை 19, சனி

இறுக்கம்: 10. வலி: 3.

பிசியோதெரபி பெண்ணிடம் கேட்டேன். தரையில் உட்காரவே கூடாது என்று முதலில் திட்டினாள். பிறகு, தப்பித் தவறி உட்கார்ந்துவிட்டால் எழுவதற்கு ஒரு வழி சொல்லிக் கொடுத்தாள். ஒருக்களித்துச் சாய்ந்து, இரண்டு கையையும் ஊன்றி, குழந்தை மாதிரி நாலு காலில் வந்து, தவழ்ந்துபோய் நாற்காலியைப் பிடித்து எழ வேண்டும். முட்டிக்கு அடியில் தலையணை வைத்துக்கொள்ளலாமாம். ஐம்பத்தேழு வயதில் பட்டுச் சேலையோடு சம்பந்தி முன்னால் தவழ வேண்டும். நல்ல வழிதான்.

ஜூலை 27, ஞாயிறு

இறுக்கம்: 10. வலி: 3. இறங்க 40 விநாடி. எழ 3 நிமிடம் 15, கட்டில் காலின் உதவியுடன்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

இறுக்கம்: 10. வலி: 3. இறங்க 38. எழ 2 நிமிடம் 50. கட்டில் கால் ஆடுகிறது. நிச்சயத்தன்று மண்டபத்தில் கட்டில் இருக்காது என்று இவர் ஞாபகப்படுத்தினார்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இறுக்கம்: 10. வலி: 3.

இவர் காய்கறி வாங்கப் போயிருந்தார். தனியாகவே பயிற்சி செய்தேன். இறங்கியது நன்றாக இருந்தது. அதன் பிறகு நாற்பது நிமிடம் கட்டிலுக்கு அடியில் என்னென்ன கிடக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். காணாமல் போன மூக்குக் கண்ணாடி கிடைத்தது.

சுபா வந்து கதவைத் திறந்தாள். நிச்சயம் வரை வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறாள். தூக்கிவிடுவாள் என்று கையை நீட்டினேன். அவள் தூக்கவில்லை. என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

“அம்மா, நீ என் கல்யாணத்துக்காக முட்டிய மறைக்கியா, இல்ல முட்டிய மறைக்கதுக்காக என் கல்யாணத்தக் கெடுக்கியா?” என்றாள்.

மாவு பொங்கி வழிந்துவிடும், போய்ப் பார் என்றேன். அவள் நகரவில்லை. நான் சொல்லட்டுமா என்று கேட்டாள். நெல்லையப்பனிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அம்மாவிடம் சொல்லிவிடுவான் என்றாள். சொன்னால் நான் நிச்சயத்துக்கே வரமாட்டேன் என்றேன். பெற்ற பெண்ணிடம் இப்படி ஒரு வார்த்தையைச் சொல்லியிருக்க வேண்டாம். அவள் முகம் சுருங்கிவிட்டது. சரி, சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு, இரண்டு கையாலும் என்னைத் தூக்கி நிறுத்திவிட்டுப் போனாள். மத்தியானம் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. மாவு வழியவும் இல்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

இறுக்கமும் வலியும் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததை எழுத வேண்டும்.

சின்ன மண்டபம், இரண்டு பக்கமும் சேர்த்து நூறு பேர். நடுவில் சிவப்பு ஜமுக்காளம். ஆவுடையம்மாளும் நானும் எதிரெதிரே வந்து நின்றோம். நீங்கள் உட்காருங்கள் என்றேன். நீங்கள் முதலில் என்றார். சரியென்று இருவரும் ஒரே நேரத்தில் இறங்கினோம். நான் இவர் தோளைப் பிடித்திருந்தேன், அவர் தம்பியின் தோளைப் பிடித்திருந்தார். முப்பத்தைந்து விநாடி இருக்கும், என் வாழ்நாளில் சிறந்த நேரம். அவருக்கும் அதே நேரம்தான் ஆனது. எனக்குச் சரியாகப் போட்டி போடுகிறார் என்று நினைத்தேன்.

தட்டு மாற்றினோம். லக்னப் பத்திரிகை வாசித்தார்கள். அதில் கல்யாணத் தேதி மட்டும் எழுதாமல் விட்டிருந்தது. மாப்பிள்ளையின் தாய்மாமா எழுந்து, இரண்டு சம்பந்திக்கும் நடுவில் ஏதோ மனத்தாங்கல் இருக்கிறது, இருவரும் இங்கேயே உட்கார்ந்து மனம் விட்டுப் பேசட்டும், சாப்பாடு முடிந்ததும் தேதி எழுதலாம் என்றார். எல்லோரும் பந்திக்குப் போனார்கள். பந்திக்குப் போதவில்லை என்று நாற்காலிகளையும் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். சுவர் ஓரமாக ஒரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி மிச்சம். இவர் மட்டும் தயங்கி நின்றார். நான் கண்ணால் அதட்டினேன், போய்விட்டார். ஆவுடையம்மாளும் தன் மகனை அப்படித்தான் கண்ணால் துரத்தினார்.

பந்தியில் சொதி வாசம் வந்தது. போய்ச் சாப்பிடுங்கள் என்றேன். நீங்கள் எழுந்ததும் வருகிறேன் என்றார். விருந்தாளி எழாமல் நான் எப்படி எழுவது என்றேன். வீட்டுக்காரர் எழாமல் விருந்தாளி எப்படி எழுவது என்றார். இந்த மரியாதையிலேயே பத்து நிமிடம் போனது. பேச்சை மாற்றலாம் என்று கோ-கோ பற்றிச் சொன்னேன். 1985, மாவட்ட இறுதிப் போட்டி, கடைசி இரண்டு நிமிடம். அவர் ஆசையாகத்தான் கேட்டார்.

“யாராவது வந்து முதுகத் தொடுற வரைக்கும் உக்காந்தே இருக்கணுமா?” என்றார்.

“ஆமா. தானா எந்திரிச்சா தப்பாட்டம்.”

அவர் கொஞ்ச நேரம் தட்டில் இருந்த வெற்றிலையை அடுக்கினார். பிறகு என்னைப் பார்க்காமலே சொன்னார். “டீச்சர், எனக்கு ரெண்டு முட்டியும் போச்சு. நாலு வருசமாச்சு. மாமியாக்காரி நொண்டின்னு தெரிஞ்சா, எம்பொண்ணு அங்க நர்சு வேல பாக்கவா வாரான்னு கேப்பீங்கன்னு பயந்து சொல்லல. இப்ப இங்கன இருந்து எந்திரிக்க முடியல.”

வாசல் படி, பீரோ, தேக்கு நாற்காலி, வெள்ளிக்கிழமை விரதம், எவர்சில்வர் கைப்பிடி, பிரண்டைத் தைலம் எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து வந்து என் முன்னால் நின்றன. என்னால்தான் எழ முடியவில்லை. அடப் பாவமே என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். “எனக்கு அதெல்லாம் கிடையாது. பி.டி. டீச்சர் பாருங்க” என்றும் சொன்னேன். வாய் பழகிவிட்டது.

“அப்போ நல்லதாப் போச்சு. ஒரு கை குடுங்க, என்னத் தூக்கி விடுங்க” என்றார்.

நான் அந்த அம்மாளைப் பார்த்தேன். அவர் கையை நீட்டிக்கொண்டே இருந்தார். சுவர் ஓரத்து நாற்காலியைக் கொண்டு வருகிறேன் என்றேன். ஒருக்களித்தேன். கையை ஊன்றினேன். பிசியோதெரபி பெண் சொன்னபடி நாலு காலில் வந்தேன். அதற்கு மேல் நகர முடியவில்லை. இடது முட்டி தரையில் பட்டதும் கண்ணில் பொறி பறந்தது. காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஆவுடையம்மாளின் பாதத்துக்கு நேராக என் தலை தொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளி மெட்டியில் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது வரை எனக்குத் தெரிகிறது.

அந்த நேரம் பார்த்து வடிவு மதினி பாயசக் கிண்ணத்தோடு வந்தாள்.

“ஐயோ உலகு, சம்பந்தி கால்ல விழுந்துட்டியா” என்று அவள் சொன்னது பந்தி வரை கேட்டது. பாதி இலையில் கையை உதறிக்கொண்டு எல்லோரும் வந்து சுற்றி நின்றார்கள். மதினிக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தப் புத்தி அன்றைக்கே இருந்திருந்தால் இவ்வளவு அலைச்சல் இல்லையே என்றாள். தாய்மாமா நெகிழ்ந்து போய், பெண்ணின் அம்மா இறங்கி வந்துவிட்டார், இனி என்ன இருக்கிறது, தேதியை எழுதுங்கள் என்று பேனாவைத் தேடினார்.

அப்படியே விட்டிருக்கலாம். ஒரு வார்த்தையும் பேச வேண்டியதில்லை. முட்டி ரகசியம் முட்டியிலேயே இருந்திருக்கும், கல்யாணமும் நடந்திருக்கும். மூன்று மாதமாக நான் ஆசைப்பட்டது இந்த இரண்டும்தான். தலையைத் திருப்பிப் பார்த்தேன். தூணுக்குப் பக்கத்தில் சுபா நின்றுகொண்டிருந்தாள். பச்சைப் பட்டு, தலை நிறையப் பிச்சிப் பூ, முகத்தில் ரத்தமே இல்லை. எல்லோரும் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தார்கள். அவள் மட்டும் சந்தோஷப்படவில்லை. நாளைக்கு அந்த வீட்டுக்குள், அம்மா காலில் விழுந்து கட்டிக்கொடுத்த பெண் என்ற பெயரோடு போகப் போகிறவள் அவள்தான். அதை என்னால் தாங்க முடியவில்லை.

“நான் யார் கால்லயும் விழல” என்றேன். நாலு காலில் நின்றபடி இதைச் சொல்வது கஷ்டம். “எனக்கு முட்டி போச்சு. அன்னைக்கு வீட்டுலயும் எந்திரிக்க முடியாமத்தான் உக்காந்திருந்தேன். இப்பவும் முடியல.”

ஆவுடையம்மாள் குனிந்து என் காதுக்குப் பக்கத்தில், கிடையாதுன்னீங்க என்றார். பிறகு நிமிர்ந்து ஊருக்கே கேட்கிற மாதிரி, “எனக்குந்தான் போச்சு. ரெண்டு பேரும் எந்திரிக்க வழியில்லாமத்தான் அரை மணி நேரமா மரியாத பண்ணிக்கிட்டு இருக்கோம். என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? ரெண்டு நாற்காலி கொண்டாங்க” என்றார்.

நெல்லையப்பன் ஒரு நாற்காலியோடும் சுபா ஒரு நாற்காலியோடும் ஓடி வந்தார்கள். என் நாற்காலி வந்து நின்றதும் அதன் கையைப் பிடித்தேன். பிடித்தும் எழ வரவில்லை. வலிக்குப் பயந்து உடம்பு மறுத்தது. முதுகில் ஒரு கை வந்து விழுந்தது. அப்பளம் தேய்த்துக் காய்த்துப்போன, கனமான கை.

“கோ” என்றார் ஆவுடையம்மாள். “எந்திரி உலகு.”

எழுந்தேன். நேரம் யாரும் எடுக்கவில்லை.

தேதி ஐப்பசியில் குறித்திருக்கிறார்கள். நாங்கள் இருவரும் நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் இலை போட்டு, கடைசிப் பந்தியில் சாப்பிட்டோம். நான் மூன்று முறை சொதி வாங்கினேன். அவர் நாலு முறை.

இறுக்கம்: 35 நிமிடம். வலி: 9.

ஆகஸ்ட் 25, திங்கள்

இறுக்கம்: 40. வலி: 8. இன்று செய்த வேலை: கைத்தடிக் கடைக்குப் போனது. ஒன்று எனக்கு, ஒன்று அம்பாசமுத்திரத்துக்கு.

ஆவுடையம்மாள் காலையில் போன் செய்தார். அவருக்கும் அங்கே ஒரு டாக்டர் இதே மாதிரி நோட்டுப் போடச் சொல்லியிருக்கிறாராம். நாலு வருஷமாகத் தினமும் இரண்டு என்று எழுதி வருகிறாராம். அதிலும் என்னை ஜெயித்துவிட்டார்.

டாக்டர் ஜெயராணி அம்மாவின் கவனத்துக்கு: ஜூன் 3 முதல் ஆகஸ்ட் 10 வரை இந்த நோட்டில் வலிக்கு நேராக இருக்கிற எண்கள் எல்லாவற்றோடும் ஐந்தைக் கூட்டிக்கொள்ளவும். ஜூன் 21க்கு மட்டும் ஏழு.